அமெரிக்காவில் ரீலோடிங் பவுடரை வீட்டில் வைப்பது: முதல் டப்பா வாங்கும் முன் செய்ய வேண்டியவை

துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனதும், தோட்டாவை நாமே நிரப்பிக்கொண்டால் என்ன என்று தோன்றும். எந்த பிரஸ் (தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் கருவி) வாங்கலாம், அதில் பொருத்தும் எந்த டை (அச்சு) நல்லது என்று சொல்ல ரேஞ்சில் ஆட்கள் நிறைய. பவுடரை வீட்டில் எங்கே வைப்பது, எவ்வளவு வைக்கலாம், நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தனி விதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் வேறொன்று சொல்கிறார், தீயணைப்பு அலுவலகம் போனில் மூன்று பேருக்கு மாற்றிவிடுகிறது. இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்ததை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

இது பாதுகாப்பாகவும் சட்டப்படியும் வைத்துக்கொள்வதைப் பற்றி மட்டுமே. எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிடும் ரீலோடிங் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் சொல்வதில்லை. கடைக்காரரும் கேட்கமாட்டார். ஆனால் நம்மவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

கூட்டரசுச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் (எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் சேரும்) இந்த நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ அம்யூனிஷனோ வைத்திருக்கக் கூடாது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தக்கூடியது ஒன்று: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும்.

"நான் தோட்டா வாங்கவில்லையே, வெறும் பவுடர்தானே" என்று நினைக்க வேண்டாம். சட்டத்தில் அம்யூனிஷன் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே முழுத் தோட்டாவோடு வெற்றுக் கேஸ் (தோட்டாவின் கூடு), பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), புல்லட் (பறந்து போகும் முனை), துப்பாக்கிக்கான பவுடர் எல்லாமே அடங்கும். அதாவது வேட்டை உரிமம் இல்லாத எச்-1பி ஒருவர் ஒரு பவுண்டு பவுடர் டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தால், தோட்டாப் பெட்டியையே வைத்திருப்பதற்குச் சமம். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 15 வருடச் சிறை. கிரீன் கார்டு கனவெல்லாம் அதோடு போய்விடும்.

வேட்டை உரிமம் பெரும்பாலான மாநிலங்களில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. உரிமம் முடிந்த மறுநாள் உங்கள் அலமாரியில் இருக்கும் பவுடர் சட்டவிரோதமாகிவிடும். போனில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டல் வைத்துவிடுங்கள். முதல்முறை உரிமம் எடுக்கும்போது பல மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்த சான்றிதழ் கேட்பார்கள். சில இடங்களில் வகுப்பு முழுவதும் ஆன்லைனில் முடியும், சில இடங்களில் ஒருநாள் நேரில் போக வேண்டும். நேரடி வகுப்புகள் சீசனுக்கு முன் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் கோடையிலேயே பதிவு செய்வது நல்லது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் கணவர் கிரீன் கார்டு, வீட்டில் இன்னொருவர் வேறு விசா என்றிருந்தால், பவுடர் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே சட்டக் கேள்வியாக மாறலாம். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, இஏடி கார்டில் (வேலை அனுமதி அட்டை) வேலை செய்கிறேன் என்பவர்கள், இமிக்ரேஷனும் துப்பாக்கிச் சட்டமும் இரண்டும் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட்டு மேலே படியுங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணம் வீண் செலவில்லை.

எடுத்து வைக்க வேண்டியவை: கிரீன் கார்டு அல்லது விசா நகல், வேட்டை உரிமத்தின் நகல், மாநிலம் கேட்கும் துப்பாக்கி அடையாள அட்டை ஏதாவது இருந்தால் அதன் நகல்.

2. எந்தப் பவுடர் என்பதில் தெளிவாக இருங்கள்

ஸ்மோக்லெஸ் பவுடரும் பிளாக் பவுடரும் ஒன்றல்ல. குணமும் வேறு, சட்டமும் வேறு.

இன்றைய தோட்டாக்களில் போடுவது ஸ்மோக்லெஸ். நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலானது. திறந்த இடத்தில் தீப்பிடித்தால் சீறிக்கொண்டு வேகமாக எரியும். இறுக்கமாக அடைத்த இடத்தில் எரிந்தால்தான் அழுத்தம் ஏறி வெடிக்கும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் விதிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும். சிறு ஆயுதத் தோட்டாவுக்காகத் தயாரித்த ஸ்மோக்லெஸ் பவுடர் கூட்டரசின் வெடிபொருள் உரிம விதிகளிலிருந்து விலக்கு பெற்றது. தனி உரிமம் வேண்டாம்.

பிளாக் பவுடர் என்பது வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த பழைய வெடிமருந்து. சின்னப் பொறி போதும், பிடித்துக்கொள்ளும். இது சட்டத்தின் பார்வையில் வெடிபொருள். பழங்காலத் துப்பாக்கி என்று சட்டம் வகைப்படுத்தும் ஆயுதங்களில், விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால், கம்பெனி தயாரித்ததை 50 பவுண்டு வரை கூட்டரசு உரிமம் இல்லாமல் வைக்கலாம். ஆனால் வீட்டில் வைக்கும் அளவைத் தீர்மானிப்பது தீத்தடுப்பு விதி. அதன் வரம்பு இதைவிடக் குறைவு.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் கருத்து இது: ஸ்மோக்லெஸ் மட்டும் போதும். பிளாக் பவுடர் மேல் ஆசை இருந்தால் இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். விசாவில் இருப்பவர்களுக்கு வெடிபொருள் சட்டத்திலும் தனித் தடை இருப்பதால், வழக்கறிஞரைக் கேட்காமல் பிளாக் பவுடர் பக்கமே போக வேண்டாம்.

3. எவ்வளவு வைக்கலாம்

பெரும்பாலான ஊர்களின் விதி இரண்டு மாதிரித் தொகுப்புகளிலிருந்து வருகிறது. ஒன்று என்எஃப்பிஏ (தேசியத் தீத்தடுப்புச் சங்கம்) வெளியிடும் 495, இன்னொன்று சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பின் 56-ஆம் அத்தியாயம். சொந்தப் பயனுக்கு வீட்டில் வைப்பதற்கு அவை சொல்லும் வரம்புகள்:

- ஸ்மோக்லெஸ் 20 பவுண்டு (9.1 கிலோ) வரை, வந்த டப்பாவிலேயே.
- ஸ்மோக்லெஸ் 20-க்கு மேல் 50 பவுண்டு (22.7 கிலோ) வரை, வந்த டப்பாவிலேயே, குறைந்தது ஓர் அங்குலப் பலகையால் ஆன மரப்பெட்டிக்குள்.
- பிளாக் பவுடர் 20 பவுண்டு வரை. என்எஃப்பிஏ இதற்கும் மரப்பெட்டி கேட்கிறது.
- பிரைமர் 10,000 வரை.

இவை மாதிரி விதிகள்தான். மாநிலமும் ஊரும் இவற்றை அப்படியே ஏற்கலாம், மாற்றலாம், இறுக்கலாம். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களுக்குச் சொந்த விதிகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் மேலே உள்ள எண்களை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

உண்மையில் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்குச் சுமார் 5 கிரெயின் என்று வைத்தால் ஒரு டப்பாவில் 1,400 தோட்டா வரும். பெரிய ரைஃபிள் தோட்டாவுக்குச் சுமார் 45 கிரெயின் என்றால் 155 வரும். (இது கொள்முதலுக்கான தோராயக் கணக்கு. நிரப்புவதற்கான அளவு அல்ல.) மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிறவருக்கு நாலைந்து பவுண்டு ஒரு வருடம் தாராளமாக வரும். தட்டுப்பாடு வந்துவிடும் என்று பயந்து முதல் வருடமே எட்டு பவுண்டு ஜாடிகளாக வாங்கி அடுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பவுடர் தனக்கு ஒத்துவரும் என்று தெரியும் முன்பே இருபது பவுண்டு வரம்பை நெருங்கிவிடுவார்கள்.

4. அபார்ட்மென்ட்டா, தனி வீடா

அடுத்த பெரிய சிக்கல் இது. சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு மேலே சொன்ன அனுமதியை ஆர்-3 என்ற கட்டட வகைக்கு மட்டும்தான் தருகிறது. ஆர்-3 என்றால் பெரும்பாலும் ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ இருக்கும் வீடு. நாம் வந்தவுடன் குடியேறும் அபார்ட்மென்ட் வளாகங்கள் ஆர்-2. அந்தத் தொகுப்பை அப்படியே ஏற்ற ஊரில், இருபது பவுண்டு வரை பரவாயில்லை என்று யாராவது சொன்னால் அது அபார்ட்மென்ட்டுக்குப் பொருந்தாது.

இதைத் தவிர லீஸ் ஒப்பந்தத்தில், "அபாயகரமான பொருட்கள்", "எளிதில் தீப்பற்றும் பொருட்கள்", "வெடிபொருட்கள்" என்ற சொற்கள் வரும் பத்தியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கங்களில், பார்பெக்யூ அடுப்பு பற்றிய விதியை ஒட்டி இருக்கும். பால்கனியில் கரியடுப்புக்கே இடமில்லை என்கிற வளாகம் பவுடருக்குச் சம்மதிக்கப் போவதில்லை.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கிளப்பில் ரீலோடிங் மேசை இருக்கிறதா என்று கேளுங்கள், அல்லது சொந்த வீடு உள்ள நண்பரோடு சேர்ந்து செய்யுங்கள். வாடகைக்கு எடுக்கும் ஸ்டோரேஜ் யூனிட் இதற்கு மாற்று இல்லை. அவர்களின் ஒப்பந்தங்களில் வெடிபொருளும் தீப்பற்றும் பொருளும் பொதுவாகத் தடை. கோடையில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் சூடு பவுடருக்கு ஆகவே ஆகாது.

5. ஊர் விதியை எழுத்தில் வாங்குங்கள்

உங்கள் கவுண்டி அல்லது நகரத்தின் ஃபயர் மார்ஷல் (தீத்தடுப்பு அதிகாரி) அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன் வேண்டாம். போனில் எடுப்பவர் பல நேரம் நிர்வாக ஊழியர். "கன்பவுடர்" என்ற சொல்லைக் கேட்டதும் பதறிப்போய் "முடியாது" என்று சொல்லிவிடுவார், அல்லது அதைவிட மோசமாக, தெரியாமலே "பிரச்சினை இல்லை" என்பார். இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது.

மின்னஞ்சலில் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். எந்தத் தீத்தடுப்பு விதித்தொகுப்பை, எந்த ஆண்டுப் பதிப்பை இந்த ஊர் ஏற்றிருக்கிறது? தனி வீட்டில் சொந்தப் பயனுக்கு ஸ்மோக்லெஸ் பவுடரும் பிரைமரும் எவ்வளவு வைக்கலாம், உள்ளூர்த் திருத்தம் ஏதாவது உண்டா? எந்த அளவுக்கு மேல் பெர்மிட் வேண்டும், அதற்கு என்ன கட்டணம்? இவ்வளவுதான். உங்கள் வாழ்க்கைக் கதை எல்லாம் எழுத வேண்டாம். "தோட்டா ரீலோடிங்குக்கான ஸ்மோக்லெஸ் ப்ரொப்பெல்லன்ட்" என்று அவர்களுடைய விதியில் இருக்கும் சொல்லையே பயன்படுத்துங்கள். பதில் சீக்கிரம் வரும்.

ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். வரவில்லை என்றால் அதே மின்னஞ்சலை மேற்கோள் காட்டி மறுபடி அனுப்புங்கள். பதில் வந்ததும் அச்செடுத்து, பவுடர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடுங்கள்.

எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள குடியிருப்பு என்றால் அதன் விதிப் புத்தகத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

6. இன்ஷூரன்ஸ்

வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் இதையும் எழுத்தில் கேளுங்கள்: "தீத்தடுப்பு விதி அனுமதிக்கும் அளவுக்குள் ரீலோடிங் பவுடர் வைத்திருந்தால் என் பாலிசி பாதிக்கப்படுமா?" சில கம்பெனிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சில கம்பெனிகள் மறுக்கும். மறுத்தால் வேறு கம்பெனி பாருங்கள். மறைக்க மட்டும் வேண்டாம். அடுப்பங்கரையில் பிடித்த தீயாக இருந்தாலும், விசாரணை அதிகாரி கராஜில் பவுடர் டப்பாவைக் கண்டால் இழப்பீடு கேட்கும்போது கேள்வி வரும். கையில் ஏஜென்ட்டின் பதில் இருந்தால் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

7. இடம் தேர்வு

குளிர்ச்சி, வறட்சி, இருட்டு. இந்த மூன்றும் வேண்டும். அதனால் பரண், கராஜ், தோட்டத்துக் கொட்டகை மூன்றும் அடிபட்டுப் போகின்றன. டெக்சஸிலோ அரிசோனாவிலோ கோடை மதியத்தில் கராஜுக்குள் கால் வைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஸ்மோக்லெஸ் பவுடரில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்திருக்கும். சூடு ஏற ஏற அந்த ஸ்டெபிலைசர் வேகமாகச் செலவாகிவிடும்.

வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ், டிரையர் இருக்கும் அறை கூடாது. பெயின்ட், தின்னர், பெட்ரோல் கேன் இருக்கும் அலமாரி கூடாது. வெளியே போகும் வழியை மறிக்கும் இடம், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம் இரண்டும் கூடாது. தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழி அது.

நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் உள்அறையில் இருக்கும் துணி அலமாரிதான் பூஜை அறை. வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான இடமும் அதுவாகத்தான் இருக்கும், பவுடரை வைக்கவும் கை அங்கேதான் போகும். விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எரியும் இடத்துக்கு ஒரு சுவர் தள்ளியாவது பவுடர் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வாங்கும் மத்தாப்பும் அதே பெட்டிக்குள் போகக் கூடாது.

ஏசி போட்ட, அதிகம் பயன்படாத படுக்கையறையின் அலமாரித் தரை நல்ல இடம். பேஸ்மென்ட் இருந்தால் ஈரப்பதத்தைப் பாருங்கள், பத்து பதினைந்து டாலருக்கு ஒரு சின்ன மீட்டர் கிடைக்கும்.

8. பெட்டி

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு பலரும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். துப்பாக்கி இருக்கும் இரும்பு சேஃப்புக்குள்ளேயே பவுடரையும் வைத்துப் பூட்டினால் பாதுகாப்பு என்று தோன்றும். குழந்தைகள் கையில் படாது என்பது உண்மைதான். ஆனால் தீ வந்தால் அந்த சேஃப்தான் குண்டு. உள்ளே எரியும் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும், கனமான கதவு பிய்த்துக்கொண்டு பறக்கும். பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி, இறுக்கமான ரப்பர் வளையம் போட்ட தகர டப்பா, கண்ணாடி ஜாடி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

பவுடர் வரும் டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக், அழுத்தினால் உள்ளே போகும். மலிவாகச் செய்ததால் அப்படி இல்லை. தீயில் அது சட்டென்று பிளந்து அழுத்தத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் எந்த விதியை எடுத்தாலும் "வந்த டப்பாவிலேயே" என்ற நிபந்தனை இருக்கிறது.

மரப்பெட்டியும் அதே போலத்தான். மரம் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், ஆனால் அழுத்தத்தை அடைத்து வைக்கக் கூடாது. அதனால் பெட்டியில் ஒரு பக்கம் வேண்டுமென்றே பலவீனமாக இருக்க வேண்டும். நான் செய்தது இப்படி: நான்கு பக்கமும் அடியும் பசையும் திருகாணியும் போட்டு இணைத்தது. மேல்மூடி கீலில் ஆடுவது, தன் எடையில் உட்கார்ந்திருக்கும், இறுக்கிப் பிடிக்கும் கொக்கி எதுவும் இல்லை. குழந்தைகளுக்காகப் போட்ட பூட்டு, மெல்லிய தகட்டில் இரண்டு சின்னத் திருகாணியில் நிற்கிறது. ஒரு குழந்தையால் திறக்க முடியாது, ஆனால் உள்ளிருந்து அழுத்தம் வந்தால் முதலில் அதுதான் பிடுங்கிக்கொண்டு வரும்.

பலகை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் ஓர் அங்குலம் என்று விற்கும் பலகை அளந்தால் முக்கால் அங்குலம்தான் இருக்கும். விதியில் "பெயரளவில் ஓர் அங்குலம்" என்று இருப்பதால் அது செல்லும். ஆனாலும் ஆய்வுக்கு வருபவரோடு வாக்குவாதம் வேண்டாம் என்றால், முக்கால் அங்குல பிளைவுட் இரண்டைச் சேர்த்து ஒட்டிவிடுங்கள். அளவுகோல் வைத்தாலும் ஓர் அங்குலத்துக்குக் குறையாது. பலகை, பசை, கீல் எல்லாம் சேர்த்து நூறு டாலருக்குள் முடிந்துவிடும். ஒரு சனி ஞாயிறு வேலை. கடையிலேயே பலகையை அளவுக்கு அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

இருபது பவுண்டுக்குக் கீழே ஸ்மோக்லெஸ் மட்டும் வைப்பவர்களுக்குப் பெட்டி கட்டாயமில்லை. இருந்தும் செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

பிரைமர்களை இந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. தனி இடம், அவை வந்த தட்டுகளிலேயே. தட்டில் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு அடுக்கியிருப்பது, ஒன்று வெடித்தால் மற்றவை தொடராமல் இருக்கத்தான். அவற்றை மொத்தமாக ஒரு பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று போனால் எல்லாம் ஒரே நேரத்தில் போகும்.

9. இப்போது வாங்கலாம்

கடையில் நேரில் வாங்கினால் டப்பா விலையும் வரியும் மட்டும். ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் என்று தனியாகப் போடுவார்கள், விற்பனையாளரைப் பொறுத்து இருபதிலிருந்து ஐம்பது டாலர் வரை. அது பார்சலுக்குத்தான், டப்பாவுக்கு அல்ல. ஒரே ஒரு பவுண்டை ஆன்லைனில் வாங்கினால் கட்டணம் பவுடர் விலையையே எட்டிவிடும். பவுடர் பவுண்டு நாற்பது, ஐம்பது டாலர் என்று ஏறி இறங்குகிறது. நண்பர்கள் சேர்ந்து ஆர்டர் போட்டால் கட்டணம் பங்காகும். ஆனால் எல்லாம் ஒரே வீட்டில் வந்து இறங்கும்போது அந்த வீட்டின் வரம்பைத் தாண்டக் கூடாது.

தரைவழியில்தான் வரும், ஒரு வாரம் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதுவந்தவர் ஒருவர் வீட்டில் இருந்து கையெழுத்து போட வேண்டியிருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவிடம் "பார்சல் வந்தால் வாங்கி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். அவர்கள் விசிட்டர் விசாவில் இருப்பவர்கள், முதல் படியில் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும். டெலிவரி மையத்துக்கே நீங்கள் போய் வாங்கிக்கொள்ளும்படி மாற்றிவிடுங்கள்.

யுஎஸ்பிஎஸ் தபாலில் பவுடரோ பிரைமரோ அனுப்பவே கூடாது. நண்பருக்கு அரை டப்பா தபாலில் அனுப்பலாம் என்ற யோசனையே வேண்டாம்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதையும் அச்செடுத்து ஃபயர் மார்ஷல் பதிலோடு வையுங்கள்.

10. அன்றாடப் பழக்கங்கள்

டப்பாவைத் திறந்த தேதியை மார்க்கரில் எழுதுங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் அளவுக் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள், இரவு முழுக்க அதில் விடக் கூடாது. காலையில் அது எந்தப் பவுடர் என்று சந்தேகம் வந்தால் அதைப் பயன்படுத்தவே முடியாது. லேபிள் இல்லாத பவுடரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கீழே சிந்தினால் துடைப்பமும் முறமும். வேக்யூம் கிளீனரின் மோட்டாரில் பொறி பறக்கும், பக்கமே கொண்டுவர வேண்டாம்.

தோட்டா நிரப்பிச் சொந்தமாகச் சுடுவதற்குக் கூட்டரசு உரிமம் எதுவும் தேவையில்லை. நிரப்பியதை விற்கும் தொழிலில் இறங்கினால் தோட்டா தயாரிப்பாளருக்கான டைப் 06 கூட்டரசு உரிமம் வேண்டும். நண்பர் பவுடர் செலவைக் கொடுக்கிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

11. கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது

நல்ல ஸ்மோக்லெஸ் பவுடரைத் திறந்தால் லேசாக ஈதர் வாடை வரும். கெட்டது மூக்கைச் சுடும் புளித்த அமில நெடி அடிக்கும். டப்பாவுக்குள் செங்கல் நிறத் தூசியோ பழுப்பு நிறப் புகையோ தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். கெட்ட பவுடர் தன்பாட்டுக்குச் சூடாகி எரியத் தொடங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பாருங்கள்.

தூக்கி எறிய வேண்டியதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, குப்பை லாரி அதை நசுக்கும். தீயணைப்புத் துறையின் அவசரமல்லாத எண்ணில் கூப்பிட்டு எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். கவுண்டியின் அபாயகரக் கழிவு சேகரிப்பு நாளில் வாங்குவார்களா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள், பல இடங்களில் வெடிபொருள் வாங்கமாட்டார்கள்.

12. தீப்பிடித்தால்

பவுடரில் தீ தொட்டுவிட்டால் அணைக்க முயல வேண்டாம். அது எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது, போர்வை போட்டு மூடினாலும் எரியும், மூடியதாலேயே அழுத்தமும் கூடும். எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் 911 கூப்பிடுங்கள். முதல் வாக்கியத்திலேயே வீட்டில் ரீலோடிங் பவுடர் இருக்கிறது, எத்தனை பவுண்டு, எந்த அறையில் என்று சொல்லிவிடுங்கள். வருகிற தீயணைப்பு வீரர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் இந்த மூன்று தகவலும் தெரிந்திருக்கட்டும், நீங்கள் ஆபீஸில் இருக்கும்போதும் தீப்பிடிக்கலாம்.

13. வீடு மாறும்போது

மூவர்ஸ் கம்பெனிகள் பவுடரையும் பிரைமரையும் பொதுவாக ஏற்றமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அட்டைப்பெட்டிக்குள் போட்டு அனுப்புவது சட்டப்படியும் தப்பு, லாரி ஓட்டுபவரின் உயிரோடு விளையாடுவதும் ஆகும். விமானத்தில் கைப்பையிலும் முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாம் என்று விதி இருப்பது முழுத் தோட்டாவுக்கு, பவுடருக்கும் பிரைமருக்கும் அல்ல.

அதனால் மாறும் தேதி தெரிந்ததும் புதிதாக வாங்குவதை நிறுத்தி, இருப்பதைச் சுட்டுத் தீர்க்கப் பாருங்கள். மிஞ்சினால், சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள கிளப் நண்பருக்கு மூடி திறக்காத டப்பாக்களைக் கொடுத்துவிடலாம். காரில் நீங்களே கொண்டுபோவதாக இருந்தால், சின்ன அளவில், வந்த டப்பாவிலேயே, பிரைமரைத் தனியாக வைத்து, வெயிலில் கார் நிறுத்தும் இடங்களைத் தவிர்த்துப் போங்கள். வழியில் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும், போய்ச் சேரும் ஊரின் விதியையும் புறப்படும் முன் பார்க்க வேண்டும். புது ஊரின் ஃபயர் மார்ஷலுக்கு அந்த மூன்று கேள்வி மின்னஞ்சலை, வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.